மூடியில் ஒரு குறி

1

நம் ஆண்டு மலரைப் படிக்கும் ஏற்காட்டு மலைக்காரர்களுக்கு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். தாடியை எடுத்துவிட்டேன். முப்பது வருடத் தாடி. மே மாதத் திருவிழாவுக்கு நான் வந்து நிற்கும்போது, "ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று என்னையே கேட்டுவிடாதீர்கள். நான்தான், தலைச்சோலை சடையன் மகன் பொன்னன்.

தாடி எடுப்பதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பீர்கள். எனக்குச் சேதிதான். அதை எடுத்த விதத்தில் ஒரு பழி தீர்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். மனிதர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டே படித்தவன். யார் எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. நல்லது சொன்னவர்களையும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்கவில்லை.

நான் இருப்பது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை மாட்டிக்கொண்டு நோயாளிகளுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்கு வேகவைக்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் பழைய சாமான் சந்தை போடுவார்கள். போன மாசி மாதம் ஒரு கிழவி விரித்திருந்த போர்வையில், ஸ்பூன்களுக்கும் உடைந்த கடிகாரத்துக்கும் நடுவில் அது கிடந்தது.

ஒரு ரேசர். கனமான, பளபளக்கிற பிடி. அடியில் திருகு. திருகைச் சுற்றி ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். எண் ஏற ஏற பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும். நம் எஸ்டேட்டில் காபிப் பழத்தின் தோலுரிக்கும் பல்பர் மெஷினில் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பார்கள் அல்லவா, அது மாதிரி. பழத்துக்கு அங்கே என்ன ஆகிறதோ, தப்பான எண்ணில் வைத்தால் முகத்துக்கும் அதுதான்.

கையில் எடுத்தேன். இதே மாதிரி ஒரு ரேசரை நான் முன்பே தொட்டிருக்கிறேன். ஒரு நாள், அதுவும் என்னைத் தொட்டிருக்கிறது.

2

கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட். பெயர் எழுதவில்லை. மேனேஜர் பெயரும் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு வேண்டாம். அங்கே என் அப்பா கவாத்து வேலை. எந்தக் கிளையை வெட்டினால் செடி அடுத்த வருடம் நன்றாகக் காய்க்கும் என்று கண்ணால் பார்த்தே சொல்வார். "கவாத்துச் சடையன்" என்று நாலு எஸ்டேட்டில் பெயர். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. மேனேஜர் பங்களாவில் வேலை. காலையில் அவர் சவரத்துக்குச் சுடுதண்ணீர் வைப்பது, முடிந்ததும் ரேசரைக் கழுவி, பிளேடை மேலே அழுத்திப் பிடிக்கிற மூடி வேறு, பிடி வேறாகத் துண்டில் காயவைப்பது. மாட்டுவதை மட்டும் அவரே செய்வார். "இது ஜெர்மனி சாமான், உன்ற கையி படக்கூடாது" என்பார். கழுவுகிற கைதான் அது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

முதலாளி மலைக்கு வரும் நாள் அது. மேனேஜர் பரபரப்பாகச் சவரம் செய்தார். இடது தாடைக்குக் கீழே ஆழமாக வெட்டிவிட்டது. படிகாரம் வைத்தும் நிற்கவில்லை. பஞ்சு ஒட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்தார். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்துக்குத்தான் நாங்கள் பெரட்டு என்போம். பஞ்சு சிவப்பாகிக்கொண்டே போனது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். என்னை முன்னால் இழுத்தார்.

"நம்பரத் திருப்பி வெச்சது நீதானே?"

"இல்லைங்க தொரைங்க. நான் தொடவே இல்லைங்க."

"பின்ன பேயா வந்து திருப்புச்சு? சுடுதண்ணி வெச்சவன் நீ. கழுவுனவன் நீ."

பங்களாவிலிருந்து ரேசரைக் கொண்டுவரச் சொன்னார். எல்லோர் கண்ணெதிரிலும் திருகை ஐந்துக்குத் திருப்பினார். "எப்படி இருக்குன்னு நீயும் பாரு." தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை. என் தலையைத் தூணோடு சாய்த்துப் பிடித்து, மீசையில் இடது பாதியை வழித்தார். பாதி மட்டும். மீதியை விட்டுவிட்டு ரேசரைக் கால்சட்டையில் துடைத்தார்.

அது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட வலித்தது வேறு. மூன்றாவது வரிசையில் நின்ற என் அப்பா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "தொரைங்க, பையன் தெரியாம தப்புப் பண்ணிட்டானுங்க. உட்டுருங்க" என்றார்.

தப்புப் பண்ணிட்டான். அத்தனை பேர் முன்னிலையில், என் அப்பாவே.

3

பாதி மீசையோடு எங்கே போவது? ஏற்காட்டுக் கடைவீதிக்குக் கூட்டிப்போய் மீதியையும் எடுக்கவைத்தார் அப்பா. சவரக்கடைக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு பேஷனுங்க?" என்றார்.

வெளியே வந்தால் வேறு கூத்து. நம் பக்கத்தில் மீசையில்லாமல் ஒரு பையன் வந்தால் என்ன அர்த்தம்? பஸ் ஸ்டாண்டு பக்கம் வெற்றிலை விற்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. "அய்யோ சாமி, அப்பன் எப்ப தவறுனாரு? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே!"

அப்பா எனக்குப் பின்னால்தான் அரிசிப் பையோடு நின்றிருந்தார். முன்னால் வந்து சொன்னார்: "அது நான்தானுங்க. இன்னும் கொஞ்ச நாளாகுமுங்க."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருக்கிற அப்பனுக்கு மீசையெடுத்த மகன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு முறை கேட்டார். "நெசத்தச் சொல்லு கண்ணு. திருப்புனியா?"

"இல்லப்பா."

"சரி" என்றார். அந்தச் "சரி"க்கு என்ன பொருள் என்று பிறகு முப்பது வருடம் யோசித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் சேலத்துக்கு இறங்கிவிட்டேன். ஓட்டலில் மாவு ஆட்டினேன், பிறகு சமையல், பிறகு ஒருவர் ஜெர்மனியில் கடை போட்டபோது அவரோடு இங்கே. தாடியும் மீசையும் வளர்ந்தன. பிளேடை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாலே பெரட்டுத் தூண் ஞாபகம் வரும், அதனால் விட்டேன். கத்தரிக்கோலால் அவ்வப்போது ஒழுங்கு செய்துகொள்வதோடு சரி. ஒரு முறை தங்கச்சி செல்வி போனில் சொன்னாள், அப்பா இப்போது கவாத்துக்குப் போவதில்லை, எருக்கூடை சுமக்கிறார் என்று. எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் இங்கே விசா ஆபீஸ் மேஜை ஒன்றில் கிடந்தது. மூன்று முறை போய் நின்றேன். "உங்கள் முறை வரும்போது கடிதம் வரும்" என்றார்கள். கடிதம் வந்தபோது அப்பாவுக்குக் கருமாதியே முடிந்திருந்தது.

செல்வி அழுதுகொண்டே கேட்டாள், "அண்ணா, அங்கயாவது மீசைய எடுத்தியா?"

"எடுத்துட்டேன்" என்றேன்.

பொய். எடுக்கவில்லை. உங்களுக்காக ஒரு முறை எடுத்தாகிவிட்டது அப்பா, நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மேனேஜர் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்பா மேலும் இருந்தது. அதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

4

ரேசரை வாங்கி வந்த அன்று என் மனைவி கலா, "இத்தன வருசம் கழிச்சு எதுக்குங்க இந்த வெனை?" என்றாள். கல்லூரிக்குப் போகப்போகும் மகள் தேன்மொழி வேறு மாதிரிக் கேட்டாள். "அப்பா, தாடி எடுத்தா நீங்க எப்படி இருப்பீங்க? நான் பாத்ததே இல்லையே." அவளுக்குத் தமிழ் தெரியும், ஆனால் வாரத்துக்கு நாலு வாக்கியம்தான் செலவழிப்பாள். அன்றைக்கு இரண்டை எனக்குத் தந்தாள்.

என் யோசனை இதுதான். எந்தச் சாமானால் என்னை அவமானப்படுத்தினாரோ அதே மாதிரிச் சாமானை என் கைக்குப் பழக்க வேண்டும். முதலில் கன்னம், பிறகு தாடை, கழுத்து. மீசை கடைசி. அப்பாவின் திதியன்று, பன்னிரண்டு வருடம் தாமதமாக, நானே எடுக்க வேண்டும். அதற்கு முன்பு மேனேஜருக்கு ஒரு போன் போட வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாது. திட்டுவதற்கு மட்டும் நிறைய வைத்திருந்தேன்.

கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்துவிட்டு, ஒன்றில் வைத்துத் தொடங்கினேன். முதல் வாரம் அழுத்தினேன், முகமெல்லாம் எரிந்தது. அழுத்தக்கூடாது. பிடியின் கனமே போதும். கிண்ணத்தில் மாவு வழிப்பது போல, சாய்த்துப் பிடித்து, முடி போகிற பக்கமே போக வேண்டும். இடது கையால் தோலை இழுத்துக்கொள்ள வேண்டும். சுடுதண்ணீர்த் துணியை முகத்தில் ஒரு நிமிடம் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றாம் வாரம் கைக்குப் பழகிவிட்டது. இரண்டுக்கு ஏறினேன். கன்னம் வழவழவென்று வந்தது. கண்ணாடியில் தெரிந்தது யார் என்று பார்த்தால், அப்பாவின் தாடை.

பிறகு ஒரு சனிக்கிழமை. கழுவிக் காயவைத்து மாட்டினேன். எண் இரண்டில்தான் இருக்கிறது, நன்றாகப் பார்த்தேன். இடது தாடைக்குக் கீழே ஒரு இழுப்பு. ரத்தம் வாஷ்பேசினில் சொட்டியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அதே இடம். மேனேஜர் பஞ்சு ஒட்டியிருந்த அதே இடம்.

"தேனு! அந்தப் பெட்டிக்குள்ள ஒரு காயிதம் இருக்குதல்ல, என்னன்னு படி கண்ணு" என்று கத்தினேன். சந்தைக் கிழவி பெட்டியோடு தந்திருந்தாள். இந்த நாட்டில் ஆணிக்குக்கூட எப்படி அடிப்பது என்று காகிதம் போட்டுத்தான் விற்பார்கள். என் ஜெர்மன் சமையலறையைத் தாண்டாது.

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தாள். காகிதத்தைப் பிரித்ததும் போனைக் கீழே வைத்தாள்.

"அப்பா, மூடில ஒரு சின்னக் கோடு இருக்கா?"

துடைத்துப் பார்த்தேன். விளிம்பில், நகக்கீறல் மாதிரி ஒன்று இருந்தது.

"கீழயும் ஒண்ணு இருக்கணும். ரெண்டும் ஒரே பக்கம் வரணுமாம். மூடியத் திருப்பி மாட்டினா பிளேடு ஒரு பக்கம் அதிகமா வெளிய வருமாம். அப்போ நம்பர் என்ன காட்டினாலும் அது பொய்தானாம்."

நம்பர் என்ன காட்டினாலும் பொய். நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு யாரும் நம்பரைத் திருப்பவில்லை. மூடியை மாட்டியது மேனேஜர். வேறு யார் கையும் படக்கூடாது என்று அவரே, அவசரத்தில், பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறார்.

"அப்பா, ஏன் அழறீங்க? நொம்ப வலிக்குதா?" என்றாள் தேன்மொழி. இந்த "நொம்ப"வை எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. என்னிடமிருந்துதான் ஒட்டியிருக்க வேண்டும்.

5

நடுவில் ஒரு சின்ன விஷயம். இங்கே தங்குவதற்கான அட்டையை அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆபீஸ் அம்மா பழைய படத்தில் இருந்த தாடியைப் பார்த்தார், என் மொழுமொழுக் கன்னத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீங்கள்தானா?"

"நான்தான்."

"எப்படித் தெரியும்?"

கைரேகையை வைக்கச் சொன்னார். மெஷின் பச்சை விளக்கைக் காட்டியது. "சரி, நீங்கள்தான்" என்றார். ஒருவன் சொன்னதை நம்புவதற்கு ஒரு பச்சை விளக்கு! அன்றைக்குப் பெரட்டில் இப்படி ஒரு மெஷின் இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி டிராம் ஏறினேன்.

6

மேனேஜர் நம்பரைச் செல்வியிடம் கேட்டேன்.

"எதுக்குண்ணா இப்பப் போயி? அவருக்குக் கண்ணே மங்கிப்போச்சு. ஏரிப் பக்கம் மருமகன் ஊட்டுல இருக்கறாரு."

"காது?"

"காது நல்லாத்தான் கேக்குது."

"அது போதும்" என்றேன்.

எனக்குக் காலை, அங்கே மதியம். மணி இரண்டு முறைதான் அடித்தது.

"அலோ, யாருங்க?"

"தொரைங்களா? நான் பொன்னன் பேசறனுங்க. தலைச்சோலை, கவாத்துச் சடையன் மகன்."

"அட, கவாத்துச் சடையன்! அவன் போயி வருசமாச்சே. நீ எங்கப்பா இருக்கற?"

"ஜெர்மனியிலைங்க."

"ஜெர்மனியா! என்ற ரேசரே ஜெர்மனிதான் தெரியுமா?"

ரேசரைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. அவராகவே அந்தப் பேச்சில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் அதுலதானுங்களா சவரம்?"

"பின்ன? கண்ணு தெரியாட்டியும் கை அதுக்கே பழகிப்போச்சு. ஆனா சனியன், அப்பப்போ வெட்டிப்போடும். ஒண்ணுல வெச்சாலும் வெட்டும், ரெண்டுல வெச்சாலும் வெட்டும். வாங்குன நாள்ல இருந்தே அப்படித்தான்."

வாங்குன நாள்ல இருந்தே.

"அப்போ எதுக்குங்க பெரட்டுல என்ற மீசைய எடுத்தீங்க?"

அந்தப் பக்கம் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அது... நீயா?"

"நான்தானுங்க."

"அதெல்லாம் அந்த வயசுப்பா. மொதலாளி வர்ற நேரம், ஆளுங்க வேற சிரிச்சுப்போட்டாங்க..."

"நான் போனதுக்கு அப்பறமும் வெட்டுச்சுங்களா?"

"அடுத்த வாரமே வெட்டுச்சே. உங்கப்பன்தான் மொதல்ல பாத்தான்." ஏதோ பழைய வேடிக்கையைச் சொல்வது போல அவர் குரல் சூடு பிடித்தது. "நான் பேரு கூப்புட்டுட்டு இருக்கறேன், அவன் என்ற தாடையவே பாத்துட்டு நிக்கறான். என்னடா பாக்கறேன்னேன். 'ஒண்ணுமில்லீங்க தொரைங்க, என்ற பையன் மலைய உட்டே போயிட்டானுங்களே, இன்னிக்கு யாருங்க சுடுதண்ணி வெச்சது?'ங்கறான். அத்தன பேரு முன்னால! எல்லாம் சிரிச்சுப்போட்டாங்க. என்ன திமிரு பாரு. அன்னிக்கே கவாத்துக் கத்திய வாங்கி வெச்சுட்டு எருக்கூடை தூக்க அனுப்பிட்டேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சன்னல் பக்கம் போனேன். எருக்கூடை. வயதானதால் இல்லை. கை தளர்ந்ததால் இல்லை. அந்த ஒரு கேள்விக்காக. அந்த "சரி"க்கு இதுதான் பொருள். அதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. நான் கேட்டால்தானே?

"இருக்கறியா கண்ணு?" என்றார் மேனேஜர். கண்ணு! "நீ அங்கதானே இருக்கற, அந்த ரேசரச் செஞ்ச ஊருலயே விசாரிச்சு, இது ஏன் இப்படி வெட்டுதுன்னு கேட்டுச் சொல்லேன். வயசான காலத்துல தெனமும் ரத்தம் பாக்க முடியல சாமி."

காகிதம் எனக்கு எதிரில் மேஜை மேல்தான் இருந்தது. கோடு இருக்கும் இடத்தைத் தேன்மொழி சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். ஒரு வாக்கியம் போதும். அப்பா சொன்னதை என்னிடம் சேர்த்த வாய்க்கு அதையாவது கொடுக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"விசாரிக்கறனுங்க தொரைங்க" என்றேன். "ஆனா இங்க எதுக்கும் முறை வரோணுமுங்க. முறை வந்தா கடிதம் போடுவாங்க. நாளாகுமுங்க."

7

திதியன்று காலையில் சுடுதண்ணீர் வைத்தேன். கோட்டோடு கோட்டைச் சேர்த்து மூடியை மாட்டினேன். எண் ஒன்று. நுரை, துணி, சாய்ப்பு எல்லாம் முறையாக. மீசையில் இடது பாதி, பிறகு வலது பாதி. ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை.

வெளியே வந்தேன். கலா என் முகத்தைப் பார்த்துவிட்டு இலை போட்டாள். தேன்மொழி என் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு முழுக் கதையும் சொன்னேன். சுடுதண்ணி யாருங்க வெச்சது என்ற இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவின் பேச்சுக்கு ஜெர்மனியில் ஒருத்தி சிரித்தது அன்றைக்குத்தான்.

செல்விக்குப் போன் போட்டேன். "பொய் சொல்லிட்டேன் சாமி. இன்னிக்குத்தான் எடுத்தேன்."

"தெரியுமுண்ணா. அந்த மாசமே போட்டோ அனுப்புனியே, மீசை அப்படியே இருந்துச்சு. நீயா எடுப்பேன்னு இருந்தேன்" என்றாள்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. நம் மலைக்காரர்களின் இந்த ஆண்டு மலர் மேனேஜர் ஊட்டுக்கும் போகும். கண் தெரியாததால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார். தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். பெரட்டு வருகிற பகுதியை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். அப்பா கேட்ட கேள்வியை இரண்டு முறை படியுங்கள். தலைப்பையும் நாலாவது பகுதியையும் ஆறாவதில் காகிதம் வருகிற இடத்தையும் மட்டும் விட்டுவிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதி அவருக்கு வேண்டவே வேண்டாம்.

தாடையில் பஞ்சோடு உட்கார்ந்துகொண்டு, ரேசர் விஷயம் என்ன ஆச்சு என்று அவர் உங்களைக் கேட்டால், பொன்னன் விசாரித்துக்கொண்டே இருக்கிறான், இன்னும் கடிதம் வரவில்லை என்று சொல்லுங்கள்.